மாட்டுக்கு மட்டும் அடித்த தண்டோரா

ஆவினங்கள் தவம் கிடக்க அவற்றுக்குக் கொம்பு அருளிய திருவாமாத்தூர் ஈசனே, நாணிக் குனிந்த தலையோடு எழுதத் தொடங்குகிறேன், துணை நின்றருள்க.

அன்பு நண்பரே,

இன்று காலை பூசை முடித்து எழுந்தபோது தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது. நாளை வயல்களில் பூச்சிமருந்து அடிக்கப் போகிறார்கள். தண்டோராக்காரர் வாய் திறப்பதற்குள், எப்போதும் போல, உங்கள் முகம் என் முன்னே வந்து நின்றது.

நம் ஊருக்குப் பயிர் யோசனை சொல்லும் கிராம சேவக்காக நீங்கள் சைக்கிளில் வந்து இறங்கியபோது நான் பஞ்சாயத்துத் தலைவன். நீங்கள் திண்டிவனத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தவர். நானோ பதிகம் ஓதாமல் பச்சைத் தண்ணீரும் அருந்தாதவன். ஆயினும் ஏரிக்கரையில் அமர்ந்து, உங்கள் வேதம் சொல்லும் படைப்பைப் பற்றியும், எங்கள் நூல்கள் உயிர்களை வகுத்த முறை பற்றியும் இருட்டும்வரை பேசியிருக்கிறோம். "படைச்சவரு எதையும் சும்மா படைக்கலீங்க ஐயா" என்பீர்கள். நான் உடனே ஆமோதிப்பேன். ஆமோதிப்பதில் எனக்குச் சிரமம் இருந்ததே இல்லை.

குருத்துப்பூச்சி நெல்லை அரித்த ஆண்டு, சர்க்கார் அனுப்பிய புதிய மருந்தை முதலில் என் வயலில் அடித்துக் காட்டுவதென்று முடிவாயிற்று. "கொடிய விஷங்க ஐயா. வயல்ல இருக்கறத யாரும் வாயில வைக்கக் கூடாதுன்னு தண்டோரா போட்டுடுங்க" என்றீர்கள். தண்டோராக்காரரை அழைத்து வாசகம் சொல்லிக் கொடுத்தவன் நான். வயலில் மாடு இறக்கக் கூடாது, வாய்க்காலில் தண்ணீர் காட்டக் கூடாது என்றேன். அத்தோடு கடமை முடிந்ததென்று நிம்மதியாகத் திருநீறு பூசிக்கொண்டேன். வயலில் ஊர்வதும் நீந்துவதும் மனிதர் உணவு என்ற நினைப்பே என்னுள் எழவில்லை. எங்கள் வீட்டில் அது உணவில்லை. ஆகவே உலகத்திலும் இல்லை.

மறுநாள் விடியலில் வயலெங்கும் மீன்கள் வெள்ளையாய் மிதந்தன. நடவுப் பெண்கள் சிரித்துக்கொண்டே கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கூடைகளைக் கவிழ்த்தீர்கள்.

"அடியே, ஆபீசரு ஐயாவுக்கு நம்ம மீனு மேல கண்ணு பாரு!" என்று அஞ்சலை கேலி பேசினாள். எங்கள் வயலிலேயே வேலை செய்து தலை நரைத்தவள்.

"ஐயோ, அது மருந்துல செத்த மீனும்மா! யாராச்சும் ஊட்டுக்கு எடுத்துக்கினு போனீங்களா?"

அவள் சிரிப்பு நின்றது. "எம் மருமவ ஒரு கூடை எடுத்துக்கினு போயிட்டாளே!"

நீங்கள் சைக்கிளில் பறந்தீர்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அஞ்சலையின் பின்னால் ஓடினேன். அவர்கள் குடியிருந்த சேரிக்குள் என் கால் பட்டது அன்றுதான் முதல் முறை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கேப்பைக் கூழை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தன. சட்டியை நீங்கள் குழியில் கவிழ்த்து மண்ணைத் தள்ளினீர்கள். சின்னது ஒன்று அழத் தொடங்கியது. கூழுக்குத் தொட்டுக்கொள்ள அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "மாட்டுக்கு ஆவாதுன்னு தமுக்கு அடிச்சீங்களே சாமி, எங்க வாயி ஒங்க நெனப்புல வரலீங்களா?"

நான் பேசுமுன் நீங்கள் குறுக்கிட்டீர்கள். "தப்பு என்னுதும்மா. ஐயாகிட்ட நான் வெவரமா சொல்லல." நான் அதை மறுக்கவில்லை.

பிறகு விழுப்புரத்தில் அதிகாரிகளும் பஞ்சாயத்துத் தலைவர்களும் கூடிய கூட்டத்தில் நீங்கள் எழுந்து, வயலில் விளைவது நெல் மட்டுமன்று, மீனும் நண்டும் வரப்புக் கீரையும் ஏழைகளின் விளைச்சல்; திட்டம் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும், அவர்கள் பிடித்துக்கொள்ள நம் ஏரியின் மதகடி வாய்க்காலையும் அதை ஒட்டிய வயல்களையும் மருந்தில்லாமல் விட வேண்டும் என்றீர்கள். மேலதிகாரி, "நண்டுக்கும் மானியம் கேப்பீங்க போல" என்றார். கூட்டமே சிரித்தது. நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். நாள்தோறும் எல்லா உயிரும் இன்புற்றிருக்க வேண்டுமென்று ஓதும் நான், மேல்துண்டின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது வேகவைத்த மல்லாட்டைக் கடலை வாங்கிப் பாதியை என் மடியில் போட்டீர்கள். கடிந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த மல்லாட்டையை உரிக்காமலே வீடுவரை மடியில் சுமந்து வந்தேன்.

மாற்றலாகித் திண்டிவனம் போகும் நாளில் சொன்னீர்கள்: "கூட்டத்துல சொல்லாதத ஊர்ல சொல்லுங்க ஐயா, போதும்."

சொல்லிவருகிறேன், நண்பரே. மதகடி வயல்கள் என்னுடையவை. அங்கே மருந்து படுவதில்லை. விளைச்சல் குறைவென்று என் மகன்களுக்கு என்மேல் வருத்தம் உண்டு. தண்டோராக்காரர் புறப்படுமுன் வாசகத்தை இன்றும் நானே சொல்லி அனுப்புகிறேன். மீனைச் சுவைத்தறியாத இந்த வாய் முதலில் சொல்வது மீனைத்தான். இன்று தெருவில் அவர் கூவியதும் அதுவே: "மீனு, நண்டு, கீரை எதையும் எடுக்காதீங்கோ! மதகடியில மட்டும் புடிச்சிக்கலாமுங்கோ!" மாடுகளைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்பே வந்தது. ஆயினும், "தப்பு என்னுது" என்று நீங்கள் சொன்னதை, தவறு என்னுடையதே என்று அஞ்சலையிடம் மாற்றிச் சொல்லும் துணிவு, அவள் கண்மூடும்வரை எனக்கு வரவில்லை.

உங்கள் மனையாளும் மக்களும், இம்மடலைப் படிப்போரும் அவர்தம் இல்லத்தாரும், வாய்க்கால் வற்றாமல், அடுப்பு அணையாமல், பிறர் பசியை அறியும் மனத்தோடு நெடுநாள் வாழ்க.