ஹேகன் லேக் சுடுதளத்தில் மூன்று மாதம் சத்தம் குறைந்த காரணம்

அனுப்புநர்:
வெர்லின் ஹாக்ஸ்டட்,
செயலாளர் (இருபத்திரண்டு ஆண்டுகளாக),
ஹேகன் லேக் ரைபிள் கழகம்,
ஹேகன் லேக், வின்ஸ்லோ மாவட்டம், விஸ்கான்சின்.

பெறுநர்:
திருமதி ஜோலீன் ப்ராண்ட் அவர்கள்,
தலைவர், மாவட்டப் பூங்காக்கள் குழு,
வின்ஸ்லோ மாவட்டம்.

பொருள்: எங்கள் சுடுதளத்தின் குத்தகையை ரத்து செய்து, அந்த இடத்தை நாய்கள் ஓடி விளையாடும் பூங்காவாக மாற்றும் முடிவைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 30.08.2021.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தங்கள் அறிவிப்பை நான்கு முறை படித்தேன். அதில் சொல்லப்பட்ட குற்றம் உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1974ஆம் ஆண்டுக் குத்தகையின்படி, மே முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் கழகம் போட்டி நடத்த வேண்டும். குறைந்தது பத்துப் பேர், ஆளுக்கு நாற்பது தோட்டா சுட வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் நிலம் மாவட்டத்துக்குத் திரும்பிவிடும். நாங்கள் ஜூனில் ஆளுக்கு இருபது சுட்டோம். ஜூலையில் ஆளுக்கு ஒன்று. ஆகஸ்டில் ஒன்றுமே இல்லை. நாய்கள் மீது எங்களுக்கு எந்த மனக்கசப்பும் கிடையாது. ஆனால் இப்படி நேர்ந்தது ஏன் என்று தாங்கள் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுப்பதே நியாயம் என்பதால் இதை எழுதுகிறேன்.

2. கடந்த ஆண்டு முதல் நாடு முழுவதும் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு என்பது தாங்கள் அறியாததல்ல. மூன்று டாலருக்கு விற்ற ஐம்பது தோட்டாப் பெட்டி ஒன்பது டாலருக்குப் போனது. அதுவும் கிடைத்தால்தான். எங்கள் ஊரில் லோவெல் ட்ராஸ்க் அவர்களின் ஹார்டுவேர் கடைக்குச் செவ்வாய்க்கிழமை காலை லாரி வரும். ஆளுக்கு ஒரு பெட்டிக்கு மேல் தரமாட்டார். எனவே நான் என் மனைவி ஆர்டிஸையும், அவளுடைய தங்கை லவோனையும் அழைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். லவோன் இரண்டாம் முறை தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து நின்றதை லோவெல் கண்டுபிடித்துவிட்டார். "ஏன்ப்பா வெர்லின், உன் மச்சினி கொசுவைக் கூட வலிக்காம விரட்டுறவங்க. அவங்களுக்கு எதுக்குப்பா தோட்டா?" என்று வரிசையே கேட்கும்படி கேட்டார். அந்த அவமானத்தையும் தங்கள் பரிசீலனைக்கு வைக்கிறேன்.

3. ஆகஸ்ட் 14ஆம் தேதி தங்கள் ஆய்வாளர் திரு. பிரெண்டன் ஆல்ம் சுடுதளத்துக்கு வந்தார். அவருடைய அறிக்கையில் பின்வருமாறு உள்ளது: "பதினொரு பேர் பாயில் குப்புறப் படுத்திருந்தனர். சத்தம் ஏதும் இல்லை. சிலர் உறங்கியிருக்கலாம்." இதை வன்மையாக மறுக்கிறேன். எங்கள் போட்டியில் படுத்துத்தான் சுட வேண்டும்; அன்று தோட்டா இல்லாமல் போட்டி நடத்திக்கொண்டிருந்தோம். குறி பார்ப்பது, மூச்சை அடக்குவது, விசையை இழுப்பது எல்லாம் முறைப்படி நடந்தன. எங்கள் வகைத் துப்பாக்கியின் விசையை வெறுமனே இழுத்தால் உள்ளே இருக்கும் ஊசி கெட்டுவிடும் என்பதால், தோட்டாவுக்குப் பதில், சுவரில் ஸ்க்ரூ இறக்குவதற்கு முன் செருகும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்கை வைத்திருந்தோம். இந்த யோசனை பரவியதால் லோவெல் கடையில் அந்தப் பிளக்குக்கும் தட்டுப்பாடு வந்து, ஊரில் பலர் படம் மாட்ட முடியாமல் தவித்தது வேறு கதை. உறங்கியவர் ஆர்வில் ஸ்டாங் ஒருவர் மட்டுமே. அவரும் கடைசிப் பத்து முறைக்குத்தான் உறங்கினார்.

4. அந்தப் போட்டிக்கு மதிப்பெண் எப்படி என்று தாங்கள் கேட்கலாம். விசை விழும்போது குறி எங்கே இருந்தது என்பதை அவரவரே சொல்ல வேண்டும் என்று வைத்தோம். மனசாட்சியை நம்பினோம். முழு மதிப்பெண் நானூறு. பத்துப் பேர் நானூறு வாங்கினார்கள், நானும் சேர்த்து. கழகத்தின் நாற்பத்தேழு ஆண்டு வரலாற்றில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை. டெல்மர் குபியாக் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னார். அவருக்கு வயது எழுபத்தொன்பது, கழகத்தில் மூத்தவர். "தோட்டாவே இல்லாத துப்பாக்கியில கூடவா டெல்மர் தப்பு விடுவே?" என்று ஆர்வில் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். டெல்மரும் சிரித்தார். அன்று நாங்கள் சிரித்ததை நினைத்தால் இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது. காரணம் கீழே வரும்.

5. இதே இடத்தில் இன்னொன்றையும் பதிவு செய்கிறேன். சுடுதளத்துக்கு அடுத்த வீட்டில் இருக்கும் திருமதி பெர்னீஸ் டால், எங்கள் சத்தம் குறித்துப் பத்தொன்பது ஆண்டுகளாகத் தங்கள் அலுவலகத்துக்கு மனு எழுதி வருகிறவர். அந்தச் சனிக்கிழமை அவர் ஒரு பெரிய பாத்திரத்தில் மாக்கரோனியும் கோழியும் வேகவைத்து எடுத்துக்கொண்டு வந்தார். "சத்தமே இல்லையே, யாராவது போயிட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றார். யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனார். சாப்பாடு நன்றாக இருந்தது.

6. இனி நான் எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. எங்களிடையே ஒரு பழக்கம் உண்டு. ஒருவரிடம் எவ்வளவு தோட்டா இருக்கிறது என்று இன்னொருவர் கேட்பதில்லை. சம்பளம் கேட்பதைவிட அது மரியாதைக் குறைவு. ஒருவர் "என்கிட்ட ஒண்ணும் இல்லப்பா" என்று சொன்னால், "என்கிட்டயும்தான்" என்று சொல்லிவிட்டு வானிலையைப் பற்றிப் பேசுவோம். ஜூன் முதல் நாங்கள் வானிலையைப் பற்றி நிறையப் பேசினோம்.

7. ஆகஸ்ட் 21ஆம் தேதி எங்கள் லூத்தரன் தேவாலயத்தில் பழைய பொருள் விற்பனை நடந்தது. என் மனைவி நிலவறையை ஒழுங்குபடுத்தி, "ஆணி" என்று எழுதியிருந்த காபி டப்பாக்களில் ஒன்றை அதற்குக் கொடுத்துவிட்டாள். அதில் ஆணி இல்லை. நான் வாய்விட்டுக் கத்தவில்லை என்பதை அவளே சாட்சி சொல்வாள். மெதுவாகத்தான் கேட்டேன். அவள் சொன்ன பதில்: "பதினாலு டப்பா ஆணி இருந்துச்சு வெர்லின். இந்த வீட்டுல நீ கடைசியா ஆணி அடிச்சது எப்போன்னு சொல்லு, நானே போய்த் திருப்பி வாங்கிட்டு வர்றேன்."

8. ஆகஸ்ட் 26 வியாழக்கிழமை கழகக் கூட்டம். ஆகஸ்டுக்கு உரிய ஒரே சனிக்கிழமை கழிந்துவிட்டதால், செப்டம்பர் போட்டியையாவது எப்படிக் காப்பாற்றுவது என்பதே பொருள். ஒரு போட்டிக்கு நானூறு தோட்டா போதும். பதினொரு பேரிடமும் சேர்த்து நானூறு இல்லை என்று நான் வருத்தத்துடன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது டெல்மர் அந்தக் காபி டப்பாவை மேஜைமேல் வைத்தார். "சர்ச்சுல வாங்கினேன். யாரோ நம்ம ஆளு தோட்டாவைத் தொலைச்சிருக்கான்" என்றார். லேபிளைப் படித்தும் ஏன் வாங்கினாய் என்று ஆர்வில் கேட்டார். "லேபிள் யாருக்குத் தெரிஞ்சுது? தூக்கிப் பார்த்தேன். ஆணியக் குலுக்கினா கலகலன்னு கத்தும். இது அடக்கமாப் பேசுது" என்றார் டெல்மர். லேபிளில் இருந்த கையெழுத்தை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு என் குறிப்பேட்டைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே கையெழுத்தில்தான் குறிப்பு எழுதி வருகிறேன்.

9. நான் எழுந்து ஒப்புக்கொண்டேன். பதினான்கு டப்பா, ஏறத்தாழ பதினோராயிரம் தோட்டா. விலை ஏறும்போது சுடுவானேன், இறங்கட்டும் என்று வைத்திருந்தேன். அதற்கு முன் விலை இறங்கியபோதும் நான் சுடவில்லை. மலிவாக இருக்கும்போதே இன்னும் கொஞ்சம் வாங்கி வைக்கலாம் என்று கடைக்குப் போனேன். என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் திட்டவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஆர்வில் மெல்ல, "ரெண்டாயிரத்து அஞ்சூறு. பழைய ஃப்ரிட்ஜுக்குள்ள" என்றார். ஒருவர் மீன்பிடிப் படகில். ஒருவர் கிறிஸ்துமஸ் மரத்தின் பெட்டியில், மனைவிக்குத் தெரியாமல். கூட்டிப் பார்த்தால் நாற்பதாயிரத்துக்கு மேல் வந்தது. அம்மையீர், அந்த அறையில் நூறு போட்டிக்குத் தோட்டா இருந்தது. தோட்டா இல்லை என்று சொல்லிக்கொண்டு நாங்கள் பிளாஸ்டிக் பிளக்கைச் சுட்டுக்கொண்டிருந்தோம்.

10. கடைசியாகப் பேசியவர் டெல்மர். அவர் சொன்னதைக் குறிப்பேட்டிலிருந்து அப்படியே தருகிறேன்: "என்கிட்ட ஆறாயிரம் இருக்கு. விலை இறங்கட்டும், அப்புறம் ஆசை தீரச் சுடலாம்னு வெச்சிருந்தேன். தோட்டாவைப் பத்திரமா வெச்சுட்டேன்ப்பா. கண்ணை வெக்கத் தெரியல. இடது கண்ணு போயிடுச்சு. குறி பார்க்கிற கண்ணு அடுத்த கோடை வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொல்றாரு." அதற்குப் பிறகு யாரும் வானிலையைப் பற்றிப் பேசவில்லை. நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன். கூட்டம் முடிந்த நேரம் அதில் பதிவாகாததற்கு மன்னிக்கவும்.

11. செப்டம்பர் 18ஆம் தேதி சனிக்கிழமை முழுப் போட்டி நடத்தினோம். பதினொரு பேர், ஆளுக்கு நாற்பது. தங்கள் அறிவிப்பு அதற்குள் வந்துவிட்டதால் திரு. ஆல்ம் வரவில்லை. சாட்சி யார் என்று தாங்கள் கேட்பீர்கள். அன்று மாலையே திருமதி பெர்னீஸ் டால் தங்கள் அலுவலகத்தில் சத்தம் குறித்துப் புகார் கொடுத்திருக்கிறார். சத்தத்தை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருக்கிறார். நகல் இணைத்துள்ளேன். எங்கள் கழகத்துக்குக் கிடைத்த புகார்களில் இதுபோல் எனக்கு மகிழ்ச்சி தந்தது வேறில்லை. கேட்டதும் நகலை அவரே கையெழுத்திட்டுக் கொடுத்தார். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா, சரி" என்று மட்டும் சொன்னார்.

12. அந்தப் போட்டியின் மதிப்பெண்களையும் மறைக்காமல் தருகிறேன். ஆகஸ்டில் நானூறு வாங்கிய நான், உண்மையான தோட்டாவில் முந்நூற்றுப் பதினெட்டு. நானூறு வாங்கிய ஆர்வில், இருநூற்றுத் தொண்ணூறு. ஆகஸ்டில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று சொன்ன டெல்மர், இருநூற்று ஒன்பது. தோட்டா எங்கே பட்டது என்று பார்த்துச் சொல்ல அவர் பக்கத்தில் ஒருவர் தொலைநோக்கியுடன் உட்கார்ந்திருந்தார்; ஒரு தோட்டாகூடக் குறித்தாளை விட்டு விலகவில்லை. பதினொரு பேரில் சொன்ன சொல் ஏறக்குறைய அப்படியே பலித்தது அவருக்கு மட்டும்தான். எனவே அடுத்த கோடை வரை கண் தெரியும் என்று அவர் சொல்லும்போது, தாங்கள் நம்பலாம்.

13. எங்கள் கோரிக்கைகள்:

முதலாவது, தங்கள் குழுவின் அக்டோபர் 5ஆம் தேதிக் கூட்டத்தில் குத்தகை ரத்தை நிறுத்தி, அடுத்த செப்டம்பர் முடியும் வரையாவது எங்களை அங்கே இருக்க விட வேண்டும். அதற்குள் மறுபடி தவறினால் நானே நாய்ப் பூங்காவுக்கு வேலி போட்டுத் தருகிறேன். ஆணி வாங்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, பனி விழும் வரையும், வசந்தத்தில் பனி உருகிய நாள் முதலும், புதன்கிழமை காலைகளிலும் சுட அனுமதி வேண்டும். குத்தகைப்படி ஆண்டுக்கு ஐந்து போட்டி நாளில் மட்டுமே சுடலாம், போட்டிக்கு நாற்பது. டெல்மரிடம் உள்ள ஆறாயிரத்தைச் சுட்டுத் தீர்க்க அவருக்கு முப்பது ஆண்டு ஆகும். அவரிடம் ஓர் ஆண்டுகூட முழுதாக இல்லை. திருமதி டாலிடம் இதை முன்கூட்டியே கேட்டேன். புதன்கிழமை தன் தையல் வகுப்பு என்றும், வீட்டில் இருக்கமாட்டேன் என்றும், இருந்தாலும் புகார் எழுதுவேன் என்றும் சொன்னார்.

14. முடிக்கும் முன் ஒரு திருத்தம். பதினொரு பேர் நாற்பது வீதம் நானூற்று நாற்பது வர வேண்டும். திருமதி டாலின் கணக்கில் நானூற்று முப்பத்தொன்பது. அவர் தவறு செய்கிறவர் அல்ல என்பதால் விசாரித்தேன். மிச்சம் ஒன்று டெல்மரின் சட்டைப் பையில் இருந்தது. "பழக்க தோஷம்ப்பா. ஒண்ணு இருக்கட்டும்னு வெச்சேன்" என்றார். மற்றப் பத்துப் பேரும் நாற்பது சுட்டுவிட்டதால் குத்தகை விதிக்குக் குறையில்லை. ஆனாலும் அதை அவர் சுட்டுத் தீர்க்க வேண்டும் என்று கழகம் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. அவரும் சம்மதித்துவிட்டார். தோட்டா இருக்கிறது. கண்ணும் கொஞ்ச நாள் இருக்கிறது. இடம் மட்டும் தங்கள் கையில் இருக்கிறது.

இடம்: ஹேகன் லேக்
நாள்: 20.09.2021

அக்டோபர் 5 வரை வேறு எதையும் சேர்த்து வைக்கமாட்டேன் என்ற உறுதியுடன்,

(ஒப்பம்)
வெர்லின் ஹாக்ஸ்டட்

இணைப்பு:
அ. செப்டம்பர் 18 போட்டியின் மதிப்பெண் தாள்.
ஆ. திருமதி பெர்னீஸ் டாலின் புகார் நகல்.
இ. "ஆணி" என்று எழுதிய காபி டப்பா, ஒன்று. காலி. காலியாக இருப்பதை நான் நேரில் பார்த்தேன் – ஆர்டிஸ் ஹாக்ஸ்டட்.