கயிறு பிடிக்காத கை

மதுராந்தகத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரு கருவாட்டுக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முன் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் நகரவில்லை, நகரத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரமாகிறது. புடவையைக்கூட மாற்றாமல் அந்த வாடையோடே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. நீ படிக்கமாட்டாய் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளேன்.

பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள்தான் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர்கள் முதல் நாளை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டயரான பிறகும் விடமாட்டேன் என்கிறார்கள். பெயர்களைச் சீக்கிரம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், லேட்டாக வருகிற பிள்ளையிடம் முதலில் காரணம் கேளுங்கள் என்றெல்லாம் சொன்னேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் வழக்கம்போல அந்தக் கதையைச் சொன்னேன்.

நடந்தது என்னவென்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவையாவது நடந்தபடியே எழுதிப் பார்க்கிறேன்.

எழுபதுகளில் ஒரு ஜூன் மாதம். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் நீயும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடந்து போனதில் உன் செருப்பு வார் அறுந்தது. ஹெட்மாஸ்டர் செங்கல்பட்டில் ஏதோ கூட்டமென்று போய்விட்டார். எனக்கு மூன்றாம் வகுப்பு, உனக்கு நான்காம் வகுப்பு, நடுவில் ஒரு தட்டி. மணி அடித்துவிட்டு உள்ளே போனால் என் வகுப்பில் பதினோரு பிள்ளைகள்தான். மீதிப் பேர் எங்கே என்று நான் கேட்கவேயில்லை. முதல் நாள் பிடி தளர்ந்தால் வருஷம் முழுக்கத் தலையில் ஏறிக்கொள்வார்கள் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்களே, அந்த ஞாபகம்தான்.

பத்து மணிக்கு அஞ்சலை வந்தாள். எட்டு வயதிருக்கும். பாவாடை முழங்கால்வரை ஈரம், மடியில் ஒரு கை நெத்திலி. அன்றைக்குப் பெரிய வலை போட்டிருந்தார்கள். கரையில் நின்று ஊரே கயிற்றை இழுக்கும், கூட இழுத்த பிள்ளைகளுக்கும் மீனில் பங்கு உண்டு. வலை முழுசாகக் கரையேறும்வரைகூட நிற்காமல், பேர் கூப்பிடுவதற்குள் வந்துவிட வேண்டுமென்று தன் பங்குக்கு ஈடாக, காலையில் பிடித்து வந்த மீனில் ஒரு கை கேட்டு வாங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு நீ விசாரித்துச் சொன்னது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் மீன் வாடை ஒன்றுதான்.

"நேரத்துக்கு வர்றதுன்னா வா, இல்லாட்டி வராதே" என்று கதவைச் சாத்தினேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த உனக்கு அது கேட்டிருக்கிறது. உன் வகுப்பிலும் பாதிப் பேர் இல்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி கடற்கரைக்குப் போனாய். வலை இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெயர்களை அங்கேயே வாசித்தாய். கயிற்றை விடாமலே அவர்கள் 'உள்ளேன் டீச்சர்' என்றார்கள். நீயும் கயிற்றைப் பிடித்தாய். வலை கரையேறியதும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தாய், என் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்து. அஞ்சலை மட்டும் வரவில்லை.

மறுவாரம் அவள் வீட்டுக்கும் நீதான் போனாய். அவள் அம்மா சொன்னதை வந்து சொன்னாய்: "டீச்சரம்மா வராதன்னாங்களாம், அது வராம கீது. நான் இன்னா பண்ணட்டும்?" நீ கூப்பிட்டால் வரமாட்டாள், நானே போக வேண்டும் என்றாய். ஒரு டீச்சர் பிள்ளையிடம் போய்க் கெஞ்சுவதா என்று இருந்துவிட்டேன். பொங்கல் கழிந்ததும் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன்.

பல வருஷம் கழித்து, புதியவர்களுக்கு வகுப்பெடுக்கப் போன முதல் தடவை, உன் கதையைத்தான் சொன்னேன். முடித்ததும் ஒருவர், "அந்த டீச்சர் நீங்கதானே?" என்றார். சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். அடுத்த தடவை 'நான்' என்றே சொன்னேன். அப்படியானால் கதவைச் சாத்தியவள் யார்? என்னோடு சேர்ந்த இன்னொரு டீச்சர். ஊர் ஊராக உன்னைக் கதவைச் சாத்த வைத்திருக்கிறேன்.

ஒருநாள் நீயே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பார்த்த பிறகும் நான் மாற்றிச் சொல்லவில்லை. முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். உனக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "கயிறு இழுத்தா உள்ளங்கை பத்திக்கினு எரியும்டி. அத வுட்டுட்ட. அதையும் சேத்துச் சொல்லு" என்றாய். உன் பஸ் வந்தது, போய்விட்டாய். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை பார்த்தோம், நீ அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. நீ சொன்னதையும் நான் கதையில் சேர்க்கவில்லை. எரிந்தது என் கையாக இருந்தால்தானே சொல்ல வரும்.

இன்றைக்கு ஒரு பெண் எழுந்து நின்றாள். குப்பத்துப் பிள்ளைதான், இந்த வருஷம் வேலையில் சேர்ந்திருக்கிறாள். "எங்க ஊர்லயும் வலை இழுப்போம் மேடம். பழக்கமில்லாத கைன்னா தோலு உரிஞ்சிக்கினு போவும். அன்னிக்கு நீங்க எப்படி சாக்பீஸ் புடிச்சீங்க?" என்றாள். மடக்குவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

என் கையைப் பார்த்தேன். எனக்கு அலுத்துவிட்டது. இத்தனை வருஷமாக இதைச் சுமந்துகொண்டு நடந்ததே அலுத்துவிட்டது.

"கயிறு புடிச்சது நான் இல்லம்மா. கதவைச் சாத்தினவதான் நான்" என்றேன்.

யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

மனம் லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. ஒன்று பாக்கி இருக்கிறது, அதை உன்னிடமும் சொன்னதில்லை. பெயரை அடித்ததற்கு அடுத்த வருஷம் கல்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் அஞ்சலையைப் பார்த்தேன். அம்மாவோடு கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, வகுப்பில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உட்கார் என்று நான் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஜன்னல் வழியே பார்த்தபோதும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.