இட்லி வேகும் நேரத்துச் சிங்கம்

3 பிப்ரவரி 2025, திங்கள்

இன்று சிங்கம் நேரத்துக்குக் கத்தியது. இட்லி பூப்போல வந்தது.

ஜூவின் மதில்சுவருக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். விடியற்காலையில் அது முதல் தடவை கத்தும்போது இட்லிப் பானையை ஏற்றுவேன். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி கத்தும்போது இறக்குவேன். மொபைலில் டைமர் இருக்கிறது. இருந்தால் என்ன? டைமருக்குப் பிடரி மயிர் உண்டா?

யாரிடமும் சொன்னதில்லை, கணவர் வால்டரிடம்கூட. இருபத்தைந்து வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கும் மோலி, சிங்கத்தைக் கேட்டு இட்லி இறக்குகிறாள் என்று தெரிந்தால் ஊசிக்கு எவன் கையை நீட்டுவான்?

5 பிப்ரவரி, புதன்

வால்டர் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மோலி, ஊருக்கு வெளிய, போகாதி தாண்டி ஒரு ஃப்ளாட் வந்திருக்கு. சொந்தமா வாங்கிடலாம். ஒரு சத்தம் இருக்காது, பாத்துக்கோ."

பதினோரு வருஷமாகத் தேடுகிறார் மனுஷன். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ரொம்ப நல்லதுங்க என்றேன். ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேராக ஃப்ளாட் பார்க்கப் போனோம். அவர் சொன்னது சரிதான், அப்படி ஓர் அமைதி. என் வயிறு கடமுட என்றது மூன்று அறைக்கும் கேட்டது.

சமையலறை தெற்குப் பார்த்திருக்கு, வாஸ்து சரியில்லை என்றேன். வால்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பதான் நன்மை வாங்கிட்டு வர்றோம். நமக்கேது வாஸ்து?"

சரி, லிஃப்ட் சின்னதா இருக்கு என்றேன்.

"சும்மா ஏதாச்சும் சொல்லாத மோலி. யானையா ஏத்தப்போற?"

இருபதாம் தேதி கையெழுத்து. அதற்குள் சொல்லிவிட வேண்டும். என்னவென்று சொல்வது? ஒரு சிங்கத்துக்காக யாராவது சொந்த வீட்டை வேண்டாம் என்பார்களா?

12 பிப்ரவரி, புதன்

நாத்தனார் மரியா கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். சிங்கம் கத்தியதும் பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்போட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரே ஜெபம். நடுநடுவே, "அண்ணி, கதவத் தெறக்காதீங்க."

வெளியே வந்து நாலு இட்லி சாப்பிட்ட பிறகுதான் பேச்சே வந்தது. "இந்த வீட்ல எப்படி அண்ணி இருக்கீங்க? பாவம் நீங்க."

வால்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஏன் குனிய வேண்டும்? கத்தியது அவரா?

15 பிப்ரவரி, சனி

கத்தவில்லை. பானையின் முன்னால் மக்கு மாதிரி நின்றேன். இட்லி ரப்பர்.

16 பிப்ரவரி, ஞாயிறு

இன்றும் இல்லை. பூசையில் ஃபாதர் நோயாளிகளுக்காக மன்றாடச் சொன்னார். நான் ஒரே ஆளை நினைத்துக்கொண்டேன்.

தொண்டைக்கட்டாக இருக்கும். பனிக்காலம் முடிகிற நேரம். ஆவி பிடித்தால் போதும், ஆனால் போர்வை போர்த்துவது யார்?

18 பிப்ரவரி, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் பர்மிஷன் போட்டுவிட்டு ஜூவுக்குப் போனேன். பூட்டியிருந்தது. "மங்களவார ரஜா, மேடம்" என்று கன்னடத்தில் சொன்னார் வாட்ச்மேன். ஊருக்கே தெரியும், செவ்வாய்க்கிழமை லீவு என்று. பக்கத்திலேயே இருக்கிற எனக்குத் தெரியவில்லை.

சிங்கத்துக்கு உடம்பு எப்படியிருக்கு என்று கேட்டேன். என் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்கு எனக்கு டூட்டி.

20 பிப்ரவரி, வியாழன்

கையெழுத்துப் போட முடியல. பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன் — ஃப்ளாட்காரர் முன்னாடி. வெக்கமா இருக்கு.

"என்ன மோலி?"

"சிங்கம்."

"எந்தச் சிங்கம்?"

"நம்ம சிங்கம்."

ஃப்ளாட்காரர் எழுந்து போய்த் தண்ணி கொண்டுவந்தாரு. அப்புறம் வரேன்னு சொல்லி வால்டர் என்னைக் கிளப்பிட்டாரு. ஸ்கூட்டர்ல அழுதுகிட்டே இட்லிக் கதையை முழுசா சொன்னேன். அவர் வண்டிய மெதுவாக்கினாரு. ரிங் ரோட்ல ஓரமா நிறுத்தினாரு.

"இந்த வீட்டுக்கு வந்த மொத நாள், இந்தச் சத்தத்துல எப்படிங்க இருக்கறதுன்னு நீ அழுத. அதனாலதான தேடிட்டே இருந்தேன்."

எனக்கு ஞாபகமே இல்ல. சத்தியமா இல்ல. ஒரு நாள் நான் அழுததை இந்த மனுஷன் பதினோரு வருஷம் மனசுல வெச்சிருந்திருக்காரு.

"உங்களுக்கு அந்தச் சத்தம் எப்படிங்க?"

"எனக்கா? அது கத்தினாதான் போர்வைய விட்டு வெளிய வரத் தோணும். இந்த வாரம் பூரா ஆபீஸுக்கு லேட்டு."

அப்படியே கட்டிப்பிடிச்சுக்கணும்போல இருந்துச்சு. லாரியா போகுது, எங்க கட்டிப்பிடிக்கறது?

23 பிப்ரவரி, ஞாயிறு

இருவருமாக டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். சிங்கம் நன்றாக இருக்கிறது. நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்கியது. நாங்கள் என்னடாவென்றால் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கூட்டைச் சரிசெய்வதற்காக அதை அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டார்களாம். இனிமேல் அங்கேயேதானாம். எங்கள் பக்கத்துக்கு நெருப்புக்கோழி வந்திருக்கிறது.

"அது எத்தன மணிக்குக் கத்தும்?" என்று வால்டர் பராமரிப்பாளரைக் கேட்டார். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

1 மார்ச், சனி

ஃப்ளாட் வேண்டாம் என்று வால்டர் சொல்லிவிட்டார். வாடகை வீடு பார்த்துத் தரும்படி புரோக்கர் சந்தோஷ்குமாருக்குப் போன் செய்தோம். பார்க்கிங்கா, போர் தண்ணியா, எது சார் முக்கியம் என்று கேட்டார்.

"சிங்கம் கத்தறது கேக்கணும்" என்றார் வால்டர்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

9 மார்ச், ஞாயிறு

ஜூவின் அந்தக் கோடியில் மதிலை ஒட்டினாற்போல் ஒரு மாடி வீடு. சமையலறையில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டும். வீட்டுக்காரர் மாதப்பன், கொள்ளேகாலம் பக்கத்துக்காரர். எல்லா அறையையும் காட்டினார், அப்புறம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஒண்ணு மொதல்லயே சொல்லிப்போடறனுங்க. வெடிகாலையில கொஞ்சம் சத்தமா இருக்குமுங்க. போன குடித்தனக்காரங்க அதுனாலதான் காலி பண்ணிட்டாங்க. அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாதுங்க."

வால்டர் தாடையைத் தடவினார். ஜன்னல்வரை நடந்துபோய் மதிலைப் பார்த்தார். என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அவர் இவ்வளவு நன்றாக நடிப்பார் என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.

"என்ன பண்றது" என்றார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்."

அதற்கு மேல் அங்கே நின்றால் சிரித்துவிடுவேன் என்று, மொட்டைமாடியைப் பார்க்கிற சாக்கில் படியேறிவிட்டேன்.