உன் சைக்கிளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்

மந்தைவெளி, சென்னை-28
17-12-1999

அன்பு மகன் ஆஸ்வினுக்கு அப்பா பவுல்சாமி தன் கையால் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் திடமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதத் தொடங்குகிறேன். மர்சலின் டீச்சர் கோவில் ஹாலில் நடத்தும் சாயங்கால வகுப்புக்கு நான் போவது உனக்குத் தெரியும். கடிதம் எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன் என்பது தெரியாது. டீச்சர் திருத்தித் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பிழை இருந்தால் அது என் பிழையாகவே இருக்கட்டும். இன்றோடு நான்காவது நாளாக எழுதுகிறேன், உன் அம்மா சமையல்கட்டிலிருந்து, பைபிளையே ஒரு தடவை எழுதி முடிச்சிருக்கலாம் என்கிறாள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ கம்ப்யூட்டர் வழியாக வாங்கி அனுப்பிய மலை சைக்கிளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபப்படாமல் கடைசி வரை படி. தப்பு உன்னுடையது இல்லை, அந்தப் பம்பாய் கம்பெனியுடையதும் இல்லை, என்னுடையது. செப்டம்பரில் நீ எதிர்வீட்டு சுந்தரராமன் சார் போனில் கூப்பிட்டு, அப்பா உங்க பழைய சைக்கிள் பார் உடைஞ்சுபோச்சாமே, நான் கியர் சைக்கிள் ஒன்று ஆர்டர் பண்றேன், என்ன சைஸ் என்று கேட்டாய். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் இருபத்திரண்டு என்றேன். இந்த ஊரில் சைக்கிள் ஓட்டும் எவனைக் கேட்டாலும் இருபத்திரண்டு அல்லது இருபத்திநாலு, இரண்டில் ஒன்றுதான் சொல்வான், குள்ளமானவனுக்கு இருபத்திரண்டு. முப்பது வருஷம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பாண்டி பஜாருக்குத் துணி மூட்டை வண்டி மிதித்தவனுக்குச் சைக்கிள் அளவு தெரியாதா என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது. நீ இன்னொன்றும் சொன்னாய், நினைவிருக்கிறதா? கடைப்பக்கம் போகாதீங்கப்பா, படிக்கத் தெரியாதவர்னு எதையாவது தலையில கட்டிடுவாங்க என்றாய். நீ அக்கறையில்தான் சொன்னாய். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் பெட்டி வந்தது, கதவளவு பெட்டி. தெருவே கூடிவிட்டது. சுந்தரராமன் சார், பாத்தீரா பவுல்சாமி, கடை கடையா அலையாம ஆத்து வாசலுக்கே வந்துடுத்து, இனிமே லோகமே இப்படித்தான் என்றார். பெட்டிக்குள் சைக்கிள் தனித்தனிப் பாகமாக இருந்தது, அதனால் பெட்டியோடு ஒரு வண்டியில் ஏற்றி மார்க்கெட் பக்கத்து மெஹபூப் அலி கடைக்குக் கொண்டுபோனேன், சக்கரம் மாட்டித் தா பாய் என்றேன். அவர் மாட்டி நிமிர்த்தி நிறுத்தினார். ஆஸ்வின், எவ்வளவு அழகான வண்டி தெரியுமா, கத்தரிப்பூ நிறம், கனமே இல்லை, இருபத்தொரு கியர். மெஹபூப் அலி சுற்றி வந்து பார்த்துவிட்டு, நைனா, வண்டி சோக்கா கீது, ஆனா இது யாருக்கு, ஒட்டகத்துக்கா என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் காலைப் போட்டு நின்றேன், பார் இடிக்கிறது, பெருவிரல் நுனிதான் தரையில் படுகிறது. மலை சைக்கிளில் இருபத்திரண்டு என்றால் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆளுக்காம், நம் பழைய வண்டிக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு. உன் காலுக்குப் பதினெட்டே ஜாஸ்தி என்றார் பாய்.

வீட்டுக்கு வந்து சொன்னால் சுந்தரராமன் சார் சீட்டை இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். உன் அம்மா, புள்ளை ஆசையா அனுப்பினது, ஓட்ட முடியலைன்னா சும்மா வாசல்ல நிக்கட்டும் என்கிறாள். சொந்தக்காரர்கள் வந்தால் காட்டலாமாம். எனக்கு மனசு கேட்கவில்லை. பரங்கிமலைக்கு நம் கோவில் பங்கு ஆட்கள் வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் சைக்கிளில் போவோமே, நானும் இருபத்தாறு வருஷமாகப் போகிறேன், ஒரு வருஷமும் மலைமேல் ஓட்டிப் போனது இல்லை, கீழே பூட்டி வைத்துவிட்டுப் படி ஏறித்தான் போயிருக்கிறேன். இந்த வருஷம் கியர் வண்டி வருகிறது, ரோட்டு வழியாக மிதித்தே மேலே போவேன் என்று கோவில் வாசலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் எனக்கு ஏற்ற வண்டி இருக்க வேண்டும்.

பெட்டியில் ஒரு காகிதம் இருந்தது, இங்கிலீஷ். சார் படித்துச் சொன்னார், ஓட்டாத வண்டியைப் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், காரணம் எழுத வேண்டும் என்று. அவர் பேனாவை எடுத்தார். நான் எழுதுகிறேன் சார் என்றேன். பம்பாய்க்காராளுக்குத் தமிழ் தெரியாதேய்யா என்றார். கீழே நீங்கள் இங்கிலீஷில் போடுங்கள், மேலே நான் எழுதுகிறேன் என்று சொல்லி, வண்டியில் குற்றம் இல்லை, அளவு தவறாகச் சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் அதை இரண்டு தடவை படித்தார், அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதுக்கு மேல நான் என்ன எழுதறது என்றார், ஆனாலும் எழுதினார். வண்டியைத் திரும்பக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டியது மெஹபூப் அலிதான். அவர் கடையில் பதினெட்டு ஒன்று தொங்கிக்கொண்டு இருந்தது, அதை அன்றைக்கு அவர் கண்ணால்கூடக் காட்டவில்லை. உன் பையன்கிட்ட சொல்லி இதே வண்டில சின்னது கேளு நைனா, நல்ல சரக்கு என்றார். சாரை விட்டு அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டால், வந்துசேர நாற்பது நாள் ஆகும் என்றார்கள். அப்போதுதான் நானாகவே, அந்தத் தொங்குகிற வண்டியை இறக்கு பாய் என்றேன்.

அவர் கடையில் ஒரு வழக்கம். வண்டியில் காலைப் போட்டு இரண்டு பாதமும் தரையில் படிய நிற்க வேண்டும், பாருக்கும் உடம்புக்கும் நடுவில் நான்கு விரல் போக வேண்டும். அப்புறம் ஒரு செருப்பைக் கடையில் விட்டுவிட்டுத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். சுற்றிவந்து வண்டி பிடித்திருக்கிறது என்று சொன்னால்தான் விற்பார், முகம் கோணினால் செருப்பை நீட்டிவிடுவார். நான் ஒரு காலில் செருப்போடு மார்க்கெட் வரை போய், மழைப் பள்ளமெல்லாம் இறங்கி ஏறித் திரும்பி வந்தேன். பாய், இந்தா உன் செருப்பு என்றார். வண்டி வேண்டும் என்றேன். அப்புறம் ஏன் மொறைச்சுக்கினே வந்தே என்றார். நான் முறைக்கவில்லை, கியரில் எழுதியிருந்த எண்களைப் படித்துக்கொண்டே வந்தேன் என்றேன். பணம் என் தபால் ஆபீஸ் சேமிப்பிலிருந்து எடுத்தேன், அந்தப் புத்தகத்தில் கைநாட்டை மாற்றிக் கையெழுத்து ஆக்கியதும் அன்றைக்குத்தான். கம்ப்யூட்டர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கேட்டதைச் சொன்னபடி வாசலில் கொண்டுவந்து வைத்தது. ஆனால் நான் கேட்டதே தப்பு என்று சொல்ல அதற்கு ஆள் இல்லை.

இப்போது கேள். பன்னிரண்டாம் தேதி விடிந்ததும் ஒன்பது பேர் கிளம்பினோம். அடையாறு பாலம், கிண்டி வரைக்கும் தரை சமம்தான், பேச்சும் சிரிப்புமாகப் போனோம். மலைப் பாதை தொடங்கும் இடத்தில் பாதிப் பேர் இறங்கித் தள்ளினார்கள். நான் பெரிய கியரிலேயே வீராப்பாக மிதித்தேன், முதல் வளைவில் மூச்சு முட்டிவிட்டது, கால் நின்றுவிடும் போல இருந்தது. பின்னால் இருந்த பையன்கள், தாத்தா இறங்கிடு, நாங்க தள்ளிவுடறோம் என்று கத்தினார்கள். பாய் சொல்லிக்கொடுத்தது மனசில் வந்தது, பலத்தைக் காட்டாதே நைனா, சின்ன கியருக்குப் போயிடு, காலு பாட்டுக்குச் சுத்திக்கினே இருக்கட்டும், வண்டி தன்னால ஏறும். மாற்றினேன். நடக்கிறவன் வேகத்தில்தான் வண்டி போனது, ஆனால் நிற்கவில்லை. இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு, அதற்குமேல் எண்ணவில்லை, அருள் நிறைந்த மரியே மட்டும் சொல்லிக்கொண்டே மிதித்தேன். தள்ளிக்கொண்டு போன ஆட்களைத் தாண்டும்போது பெல் மட்டும் அடித்தேன். கோவில் வாசல் வரைக்கும் போய்த்தான் காலைத் தரையில் வைத்தேன் ஆஸ்வின். அறுபத்திநாலு வயசில் உன் அப்பா பரங்கிமலையை மிதித்தே ஏறிவிட்டான்! உன் அம்மா பஸ்ஸில் வந்து, அந்த முட்டிவலியோடு படி ஏறி எனக்கு முன்னால் நின்றுகொண்டு இருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. அப்புறம், இறங்கும்போது தள்ளிக்கிட்டு வாங்க என்றாள். அவள் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மற்றபடி இங்கே, பின்பக்க ஓட்டில் ஒழுகியதைச் சரிசெய்தாகிவிட்டது. சுந்தரராமன் சார் மகள் ஷ்ரேயாவுக்குத் தை மாதம் கல்யாணம், நீ ஒரு வாழ்த்து அனுப்பு. அம்மாவின் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறோம், பரவாயில்லை. நீ நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்கிறாய், வயிறு போட்டுவிட்டது என்று நீயே போனில் சொன்னாய். சைக்கிள் பணம் உன் கணக்குக்கே திரும்ப வந்துவிடுமாம். அதை எனக்கு அனுப்பாதே, அங்கே உனக்கு ஒரு வண்டி வாங்கிக்கொள்.

உன் பரிசைத் திருப்பி அனுப்பியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அம்மா நாலு நாளாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறாள். அளவு தப்பாகச் சொன்னதற்குக் கேட்கிறேன், மன்னித்துக்கொள். என் வண்டியை நானே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கியதற்குக் கேட்கமாட்டேன். அடுத்த டிசம்பருக்கு லீவு எடுத்துக்கொண்டு வா. பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன், உனக்கும் ஒரு வண்டி தருவார். மலை அடிவாரம் வரைக்கும் நாம் சேர்ந்து போவோம், அதற்கப்புறம் நீ மெதுவாக வா, நான் மேலே நிற்கிறேன்.

குழந்தை இயேசு உன்னைக் காக்கட்டும், நடுராத்திரிப் பூசைக்கு மறக்காமல் போ. தலைக்குக் குல்லா போட்டுக்கொண்டு வெளியே போகவும். பதிலைத் தமிழில், பெரிய எழுத்தாக எழுது, நான் படிக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
ம. பவுல்சாமி