அப்பாவின் ஏழு நிமிடம்

அண்ணை,

போன சனிக்கிழமை உங்கள் மனைவி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். திறந்ததும் பழைய வீடியோ நாடாக்களின் வாசம். பிளாஸ்டிக்கும் நிலவறை ஈரமும் கலந்தது. ஒவ்வொன்றிலும் உங்கள் சரிந்த கையெழுத்து: கோல்டிங் சாமத்தியவீடு, கிரின்ஸ்டெட் கலியாணம். ஒன்றில் என் பெயர் இருந்தது.

முதலில் உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுக்கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் டேனிஷ் ஊரான இக்காஸ்டின் மண்டபம் நிறைந்திருந்தது. லண்டனிலிருந்து வந்த தன் மைத்துனர் உங்கள் வீடியோவில் இல்லை என்று ஐந்து வருடம் உங்களோடு கதைக்காமல் இருந்தாரே, அவர்தான் தலைமை. 'யூலாந்து கண்ட மாபெரும் இயக்குநர்' என்றார். பிறகு உங்கள் புகைப்படங்களைத் திரையில் காட்டினார்கள். மூன்று வினாடிக்கு ஒன்று, ஒவ்வொன்றின் மேலும் ரோசா இதழ் சொரிந்தது, பின்னணியில் புல்லாங்குழல். நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே இன்னொரு தடவை செத்திருப்பீர்கள்.

துணி ஆலையில் வேலை முடிந்து இருவரும் காரில் வரும்போது நீங்கள் கதைத்ததெல்லாம் ஒரேயொரு ரஷ்ய இயக்குநரைப் பற்றித்தான். நூலகத்தில் இரவல் எடுத்து அவருடைய படமொன்றை எனக்கும் காட்டினீர்கள். ஒரு முற்றத்தில் மழை பெய்தது. நான் நித்திரையாகிவிட்டேன். எழும்பியபோதும் மழை பெய்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணை, இன்னும் ஒண்டும் நடக்கேல்லையே?"

"நடந்தது ஐசே. நேரம் போனது. அதைத்தான் அந்த மனுசன் பிடிச்சு வைச்சிருக்கிறார். நீர் குறட்டை விட்டீர்."

அவருடைய வாழ்க்கையையும் துண்டு துண்டாகச் சொன்னீர்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகாரிகள் கத்திரிக்கோலோடு வந்தார்கள்: நீளம், விளங்கவில்லை, மக்களுக்கு உதவாது. கடைசியில் நாட்டை விட்டுப் போனார், திரும்பாமலே வேற்று மண்ணில் இறந்தார். பிறகு அதே நாடு அவரைத் தன் பெருமை என்று கொண்டாடியது. "செத்தாப் பிறகு எல்லாருக்கும் விளங்கும்" என்றீர்கள். அதை இக்காஸ்டுக்கும் சேர்த்துச் சொன்னீர்கள் என்று நான் எண்ணவில்லை.

ஆனால் அவருக்கு, பெரியபிள்ளையான பெட்டைகளின் சாமத்தியவீட்டை வீடியோ எடுக்கும் தொல்லை இருக்கவில்லை. எங்கள் சனத்துக்கு விழா வீடியோ என்பது வரவுப் பதிவேடு. வந்த எல்லோருடைய முகமும் விழ வேண்டும். நீங்களோ கோல்டிங்கில், ஆரத்தித் தட்டில் ஒரு திரி அணைந்துபோவதை நாலு நிமிடம் எடுத்தீர்கள். அந்த நாலு நிமிடத்துக்குள்தான் லண்டன் மைத்துனர் மேடையேறி இறங்கினார்.

பிறகு என் கலியாணம். மூன்று மாத விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா வந்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் போய் யன்னலோரம் இருந்துகொண்டார். வெளியே பனி. நீங்கள் மேடையை விட்டுவிட்டு அவரையே ஏழு நிமிடம் எடுத்திருந்தீர்கள். சால்வையை மடிக்கிறார், விரிக்கிறார். ஒரு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விடுகிறார். உங்கள் வீட்டில் அதைப் போட்டுக் காட்டினீர்கள்.

"இதை வெட்டுங்கோ அண்ணை. பொம்பிளை வீட்டுக்காரர் சிரிப்பினம். ஒரு பாட்டைப் போட்டுவிடுங்கோ."

"உம்மட அப்பா ஐசே."

"அவர்தான் குறூப் போட்டோவில நிக்கிறாரே."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "வெட்டின நாடாவில அடுத்த விழா எடுத்துப்போடுவன். பிறகு வந்து கேளாதையும்."

அந்த ரஷ்ய அதிகாரிகளை எத்தனை தடவை காரில் சேர்ந்து திட்டியிருக்கிறோம். அன்று நீங்கள் என்னை அதிகாரி என்று சொல்லவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

ஊருக்குத் திரும்பிய அடுத்த வருடம் அப்பா இறந்தார். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தது, நான் போகவில்லை. உங்களிடம் அந்த ஏழு நிமிடத்தையும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று நீங்களே சொல்லியிருந்தது எனக்கு வசதியாகிப் போயிற்று.

என் பெயர் எழுதிய நாடாவைப் போட்டுப் பார்க்க மகள் எங்கேயோ ஒரு இயந்திரம் இரவல் வாங்கி வந்தாள். முதலில் சில வினாடிகள் யன்னலும் பனியும். பிறகு கோடுகள். பிறகு யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் கேக். நீங்கள் சொன்ன சொல் தவறவில்லை.

"ஃபார், அப்பப்பா எங்க?" என்றாள் மகள், என்னை டேனிஷில் கூப்பிட்டு, மிச்சத்தைத் தமிழில்.

எங்கள் கலியாண வீடியோவை எடுத்துப் போட்டேன். யன்னலோரம் ஒரு கிழவர் தலையைத் திருப்பத் தொடங்குகிறார். உடனே ஒரு சிவப்பு இதயம் சுழன்று சுழன்று வந்து அவரை மூடுகிறது. பாட்டுத் தொடங்குகிறது. அந்த இடத்தில் நிறுத்தினேன்.

"இதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"மழை மாதிரி ஒண்டு" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

அந்த ஏழு நிமிடத்தை நான் ஒரேயொரு தடவை, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பார்த்தவன். இப்போது கண்ணை மூடி ஓட்டிப் பார்க்கிறேன், அண்ணை. சால்வை மடிகிறது, விரிகிறது, அப்பா வாயெடுக்கிறார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைகிறது. நேற்று ஒரு நிமிடம்கூட வரவில்லை.