கேட்காமல் திறந்த கிதார்

பிப்ரவரி 11, செவ்வாய்

நான் கண் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தபோது, நான் செய்த கிதாரை என்னைக் கேட்காமல் திறந்துவிட்டான், இதே ஊரில் கிதார்ப் பட்டறை வைத்திருக்கும் பல்தசார். கிதார் செய்யும் எங்கள் கிரனாதா ஊரில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது. செய்தவன் உயிரோடு இருக்கும்வரை, அவன் சம்மதம் இல்லாமல் முதுகுப் பலகையை எவனும் கழற்றக் கூடாது. நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

சம்மதம் தந்தது என் மகள் ரெமெதியோஸாம். உள்ளே மேல்பலகையைத் தாங்கும் குச்சிகளில் ஒன்று பசை விட்டுப்போய் அதிர்ந்ததாம். அந்தக் கிதாரை வாசிக்கிற கந்தெலாரியாவுக்குக் கச்சேரி நெருங்கிவிட்டதாம். அதற்காக பல்தசாரா? மதுக்கடையில் நாலு பேர் நடுவில், "பெரியவருக்கு குருவும் இல்ல, அளவுகோலும் இல்ல. அவர் சீவின குச்சி கழுதை கடிச்ச மாதிரி இருக்கும்" என்றவன்.

பிப்ரவரி 13, வியாழன்

கந்தெலாரியா வந்தாள். கச்சேரி நன்றாக நடந்ததாம். நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. கிதாரை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவன் வைத்த புதுக் குச்சியைப் பிய்த்தெறிந்து, உள்ளே ஒட்டியிருக்கும் என் பெயர்ச் சீட்டையும் உரித்துவிடப்போகிறேன் என்றேன்.

"அது என் தொண்டை மாதிரி மாமா. எதையாவது மிச்சம் வச்சுக் குடுங்க" என்றாள்.

பிப்ரவரி 15, சனி

மழை. ஈரத்தில் பலகை ஊதும். திறக்கவில்லை. ரெமெதியோஸோடு பேச்சில்லை.

பிப்ரவரி 19, புதன்

வெயில். கத்தியைச் சூடாக்கி விளிம்பில் செருகினேன். முரண்டு பிடிக்காமல் விட்டது. சூடு காட்டினால் விட்டுவிடும், காய்ச்சிய வச்சிரப் பசை! அவன் பட்டறையில் எப்போதும் புட்டிப் பசைதானே? அதில் ஒட்டினால் அடுத்தவன் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நான் திறப்பேன் என்று தெரிந்தே காய்ச்சினானா?

பிய்க்க உளியை எடுத்தேன். புதுக் குச்சி எது? மேல்பலகையின் அடியில் விசிறிபோல ஏழும் ஒரே மாதிரி. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. யாரும் சொல்லித்தராததால் என் கை தானாகப் பிடித்த கோணல் அது. கண்ணு சரியாகலையோ? விரலால் தடவிப் பார்த்தேன். கடைசியில் மரத்தின் வெளுப்பை வைத்துத்தான் பிடிபட்டது. மூன்றாவது. அதே கோணல். கழுதை கடித்த மாதிரியே.

நேராகச் சீவியிருந்தால் அவனுக்குப் பாதி வேலைதான். பாழாப்போறவன், என்னத்துக்கு இப்படிச் செஞ்சான்?

உளியை வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் கவனித்தேன். கிதாரைத் திறந்தவன் உள்ளே பென்சிலால் பெயர் எழுதுவது வழக்கம். அவன் எழுதவில்லை. இது இரண்டாவது தவறு.

பிப்ரவரி 21, வெள்ளி

ஏன் எழுதவில்லை என்று ரெமெதியோஸை விட்டுக் கேட்டேன். அவன் பதில்: "பேரைப் பார்த்தா பெரியவர் பிடுங்கிருவாரு. குச்சியாவது பிழைக்கட்டும்னுதான்."

நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே:

பல்தசார் நாளை வெயில் ஏறியபின் வந்து, கேட்காமல் திறந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுத வேண்டும். பென்சில் அவன் கொண்டுவர வேண்டும். கந்தெலாரியா புதுத் தந்திகள் வாங்கிவர வேண்டும். ரெமெதியோஸ் கொண்டைக்கடலைக் குழம்பு வைக்க வேண்டும், அவனுக்கும் சேர்த்து. சம்மதம் தந்தவளுக்கு அதுதான் தண்டனை.

முதுகை மூட எனக்கு யார் துணையும் தேவையில்லை. இருந்தாலும் மறுபக்கத்தை அவன் பிடிக்க வேண்டும்.

பசை காய்ச்ச வேண்டியது நான்.