எடுத்ததற்குச் சமமாக

என் செல்லத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. குட்டியும் உன் அத்தானும் நலம், அதுவரை உண்மை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் பொய் சொல்வாய்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். தண்ணீர்த் தொட்டிப் பெட்டிக்குள் நான் எந்த ஸ்பீக்கரும் வைக்கவில்லை. உன் புதையல் விளையாட்டு ஆட்கள் இணையத்தில் எழுதியதை அனுப்பியிருந்தாயே, எல்லாம் படித்தேன். ஒருவர், இதுவரை தேடியதிலேயே இதுதான் அருமையாக ஒளித்த பெட்டி என்கிறார். இன்னொருவர், ஆளைப் பயமுறுத்துவது விளையாட்டே இல்லை, உடனே மூடு என்று குதிக்கிறார். நத்தை என்று பேர் வைத்துக்கொண்டவர், மூடியைத் தொட்டதும் ஒரு பெண் குரல் பஸ் நேரம் சொன்னது, ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தேன் என்று எழுதியிருக்கிறார். அந்தச் செருப்பு இப்போது என் மேஜைக்கு அடியில்தான் இருக்கிறது.

போனை ஏன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. செய்தியாகத் தட்டலாம் என்றால் என் போனை அத்தானும் பார்ப்பார். அதனால்தான் கடிதம்.

நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது, ஒளித்து வைத்து இடத்தை மட்டும் இணையத்தில் போட்டுத் தேடவிடும் அந்தப் பெட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். ஒளித்தவன் ஊரில் இல்லாவிட்டால் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று கெஞ்சினாய். பழைய தொட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால்தானே, என் அறிவிப்பு அறையிலிருந்து நாலு எட்டு என்று நானும் சரி என்றேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் போய், ஏணிக்கு அடியில் பச்சை டேப் சுற்றிக் கிடக்கும் டப்பாவைத் திறப்பேன். பேர் எழுதும் தாள் நனையாமல் இருக்கிறதா, பென்சில் இருக்கிறதா என்று பார்ப்பேன். தேடி வருகிறவர்கள் என் ஜன்னலிலிருந்தே தெரிவார்கள். வளர்ந்த ஆம்பளைகள் போனைப் பிடித்துக்கொண்டு, கம்மலைத் தொலைத்தவர்கள் மாதிரி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். யாராவது எதிரே வந்தால் ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்துவிடுவார்கள். ஒருநாள் மைக்கை அணைக்காமலேயே சிரித்துவிட்டேன், பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது.

ஒன்றை எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வைக்க வேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். அது விளையாட வருகிறவர்களுக்கு, நாம் பெட்டிக்காரர்கள்தானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் டப்பாவில் பிளாஸ்டிக் டைனோசருக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவில் ஒரு மர விசில் கிடந்தது. கட்டைவிரல் அளவுதான், ஆனால் நிறைய பேர் தொட்டுத் தேய்த்த மாதிரி வழவழவென்று இருந்தது. தாளில் புதிதாக யாரும் பேர் எழுதியிருக்கவில்லை. குட்டிக்குப் பிடிக்குமே என்று எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பதிலுக்கு எதையும் வைக்கவில்லை.

குட்டியின் சங்கதி உனக்குத் தெரியாததா. ஐந்து வயது முடிந்தும் ஒரு ‘அம்மா’ வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, காத்திருங்கள் என்றே எல்லா டாக்டரும் சொன்னார்கள். அன்று சாயங்காலம் அவள் விசிலை வாயில் வைத்து ஊதினாள். சத்தமே வரவில்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அம்மா, இது ஊதவே மாட்டேங்குது” என்றாள். என் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. மறுநாள் போனில் அவள் பேசியதைக் கேட்டுத்தான் நீ அழுதாய். அத்தான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். விசிலால்தான் என்று எனக்கே அப்போது தோன்றவில்லை.

தோன்ற வைத்தது குட்டிதான். தலை வாரிக்கொண்டிருந்தபோது, “பதிலுக்கு என்ன வச்சேன்னு கேக்கறாங்கம்மா” என்றாள். யார் என்று கேட்டேன். “விசில்ல இருக்கறவங்க” என்று சொல்லிவிட்டு ரிப்பனை எடுத்துக் கொடுத்தாள். அவள் பயப்படவே இல்லை.

மறுநாளே ஒரு பொம்மைக் காரை டப்பாவில் வைத்தேன். நான் அறைக்குத் திரும்புவதற்குள் அது மைக்குக்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு என் கைக்கடிகாரத்தை வைத்தேன், அதுவும் திரும்பி வந்தது. கடைசியில் கல்யாணத்துக்குப் போட்ட தோட்டையே வைத்தேன். பூட்டிய அறைக்குள், மேஜை மேல், இரண்டும் ஜோடியாக நேராக வைக்கப்பட்டிருந்தன. சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

வைக்காமல் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று உன் பெயரிலேயே இணையத்தில் கேட்டேன், மன்னித்துக்கொள். உன் ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் சாமான்தானே, விட்டுத் தள்ளு என்றார் ஒருவர். உன்னைப் போன்றவர்களால்தான் நல்ல பெட்டியெல்லாம் குப்பைத் தொட்டி ஆகிறது என்றார் இன்னொருவர். சமம் என்றால் கடை விலையா என்று ஒரு சண்டை. கடை விலை இல்லை, எடுத்தவருக்கு அது எவ்வளவு பெறுமோ அவ்வளவு என்று நத்தை எழுதினார். சாமியார் வந்துவிட்டார் என்று எல்லோரும் கிண்டல் செய்தார்கள். நான் மட்டும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஏனென்றால் அதற்குள் குட்டியின் வார்த்தைகள் குறைய ஆரம்பித்திருந்தன. முதலில் பாதிப் பாதியாக வந்தன. பிறகு ஒருநாள் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தவள், திறந்தபடியே என்னைப் பார்த்தாள். சளி கட்டியிருக்கும் என்றார் அத்தான். அந்தப் பார்வையை நீ பார்த்திருந்தால் நீயும் இதைத்தான் செய்திருப்பாய்.

மதியம் தொட்டிக்குப் போனேன். குரலை எப்படி வைப்பது என்று யாரிடம் கேட்பது? மண்டி போட்டு, டப்பாவில் வாயை வைத்து, தினமும் சொல்வதையே சொன்னேன். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ஆரம்பித்து எல்லா பஸ்ஸையும் சொன்னேன். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாதபோது, குட்டியைத் தூங்க வைக்கப் பாடும் பாட்டைப் பாடினேன். பாதியில் வெறும் காற்று வந்தது. மூடியை அழுத்தி மூடிவிட்டு வந்தேன். அறையில் நான் வாயைத் திறந்து திறந்து மூட, மைக் போய்விட்டது என்று சூப்பர்வைசர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். இருவருமாக ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டார்கள்.

அன்று நான் வீட்டுக்குள் நுழையும்போதே குட்டி பேச ஆரம்பித்துவிட்டாள். இன்றுவரை நிறுத்தவில்லை.

என் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள், எந்தக் கோளாறும் இல்லை. நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்றுதான் உனக்குச் சொல்ல வேண்டாமென்று அத்தானிடம் எழுதிக் காட்டினேன். அறிவிப்புக்கு இப்போது வேறு பெண் வந்துவிட்டாள், என்னைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றிவிட்டார்கள். காவலாளி செருப்பை அங்கேதான் கொண்டுவந்து கொடுத்தார். நத்தையை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்.

ஒருமுறை, யாரோ டப்பாவைத் தொட்டபோது, தள்ளி நின்று கேட்டேன், தம்பி. என் குரல்தான். எல்லா பஸ்ஸையும் தவறாமல் சொல்கிறது. நடுவில் நான் ஒருநாளும் சொல்லாத ஒரு பஸ்ஸையும் சொல்கிறது. அதற்கு எண் இல்லை, போகும் ஊர் இல்லை, ஏற வேண்டியவர்கள் வரலாம் என்று மட்டும். என் குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது என்று எனக்கே தெரியாது. என் கால் தானாக ஒரு எட்டு முன்னால் வைத்தது. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

அத்தானிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக், கோளாறு என்றால் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும் அவருக்கு. விசிலைத் திருப்பி வைத்தால் என் குரல் வந்துவிடும், குட்டி எப்படியும் பேசக் கற்றுக்கொள்வாள் என்கிறார். நான் கூப்பிடாத வீட்டுக்குள் வரவே பிடிக்கவில்லை என்று அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் விசிலை ஒளித்துவிட்டேன், எங்கே என்று உனக்கும் எழுத மாட்டேன். கிடைக்காததால் இப்போது டப்பாவையே உடைப்பேன் என்கிறார். அடுத்தவன் பொருள், தம்பி சொல்லட்டும் என்று உன் பதிலுக்காகத்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

அதனால் அக்காவுக்காக ஒன்று செய். இணையத்திலிருந்து பெட்டியை எடுத்துவிடு, இனி யாரும் அங்கே தேடி வர வேண்டாம். ஆட்டத்திலிருந்து எடுத்த பெட்டியை அங்கேயே விட்டுவைக்கக் கூடாது என்பது உங்கள் விதி என்று தெரியும். எடுத்தாகிவிட்டது என்று பொய் எழுது. அத்தானிடம், தொடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல். உன் சொல்லை அவர் மீறமாட்டார். டப்பா இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நான் கொடுத்தது சரியான மதிப்புதான், எனக்குக் குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். குட்டிதான் எடுப்பாள். பள்ளிக்கூடம், பூனை, பக்கத்து வீட்டுச் சண்டை என்று எல்லாம் சொல்வாள், பொறுமையாகக் கேள். முடிவில் அந்தத் தாலாட்டைப் பாடுவாள். முதல் பாதி அவளுக்கு எவ்வளவு முயன்றாலும் வரவில்லை. டப்பாவுக்குள் நான் நிறுத்திய அதே வரியிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அவள் பாடி முடித்ததும், அம்மாவிடம் கொடு என்று மட்டும் கேட்டுவிடாதே, கண்ணா. நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

என்றும் உன்
அக்கா